கலைஞர்களின் அன்றாடப் பணியும் கருத்துருக் கலையும்

கலைஞர்களின் அன்றாடப் பணி என்பது, படைப்புகளை விற்று வரும் வருவாயை மட்டும் நம்பி வாழ முடியாத நிலையில், வாடகைக்கும் உணவுக்கும் குடும்பச் செலவுக்குமாக ஒரு கலைஞர் செய்யும் வேறு வேலையைக் குறிக்கும். அலுவலக எழுத்தர், அருங்காட்சியகக் காவலர், பள்ளி ஆசிரியர், பத்திரிகைப் பக்க வடிவமைப்பாளர், உணவகத்தில் பாத்திரம் துலக்குபவர் எனப் பல வேலைகள் இதில் அடங்கும். சம்பளம் இல்லாத வீட்டு வேலையையும் குழந்தை வளர்ப்பையும் இக்கணக்கில் சேர்ப்பதே முறையாகும்.

கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் இவ்வேலைகளுக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கும். தொடக்க காலத்தில் வறுமையில் வாடினார், பிழைப்புக்காகச் சிறு வேலைகள் செய்தார் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் முதல் கண்காட்சிக்குப் போய்விடுவது வழக்கம். வேலை என்பது கலைக்கு நேர்ந்த தடை என்ற எண்ணமே இதன் அடிப்படை. ஆனால் 1960களில் உருவான கருத்துருக் கலையை இவ்வாறு படித்தால், அதன் முக்கியமான ஒரு வேர் கண்ணில் படாமல் போகும். இக்கலையின் வடிவம், கருவி, கால அளவு, கேள்வி ஆகியவற்றில் பல, கலைஞர்கள் பார்த்த வேலையிலிருந்தே வந்தவை. அமெரிக்காவில் இவ்வாறு பணியாற்றிய ஆறு கலைஞர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

கருத்துருக் கலை என்றால் என்ன?

மரபான ஓவியத்திலும் சிற்பத்திலும் கைத்திறனுக்கும் உருவாகும் பொருளின் அழகுக்கும் முதலிடம் உண்டு. கருத்துருக் கலையில் எண்ணத்துக்கே முதலிடம். தட்டச்சு செய்த ஓர் அறிவுறுத்தல், ஒரு பட்டியல், ஒளிப்படங்களின் தொகுப்பு, குறிப்பிட்ட விதிப்படி செய்யப்படும் ஒரு செயல் ஆகிய எதுவும் இங்கே கலைப்படைப்பு ஆகலாம். இக்கலைக்கு விளக்கம் அளித்த தொடக்க காலக் கட்டுரைகளுள் முக்கியமானது, சால் லெவிட் 1967 ஜூன் மாத 'ஆர்ட்ஃபோரம்' இதழில் எழுதியதாகும். திட்டமிடலும் முடிவெடுத்தலும் முன்பே முடிந்துவிடுகின்றன, அதற்குப் பின் படைப்பைச் செய்து முடிப்பது சடங்கு போன்றதே என்பது அக்கட்டுரையின் சாரம்.

இந்த விளக்கத்துக்கும் அலுவலகத்துக்கும் உள்ள நெருக்கம் கவனிக்கத் தக்கது. அறிவுறுத்தல், படிவம், அட்டவணை, வருகைப் பதிவு, சான்றிதழ், கோப்பு எல்லாமே வேலையிடத்தின் அன்றாடக் கருவிகள். எண்ணெய் வண்ண ஓவியர் ஒருவர் மாலையில் வீடு திரும்பியதும் கோப்புகளை மறந்துவிட்டுத் தூரிகையைக் கையில் எடுப்பார். கருத்துருக் கலைஞருக்கோ அந்தக் கோப்பே கலைக்கருவியாக இருக்கலாம். மற்றக் கலைகளைக் காட்டிலும் இக்கலையில் அன்றாடப் பணி எளிதாக நுழைந்ததற்கு இதுவே முதன்மையான காரணம்.

அருங்காட்சியக ஊழியர்கள்

1950களின் பிற்பகுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் நியூயார்க் நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கீழ்நிலைப் பணிகளில் இருந்த சிலர், பின்னாளில் அதே அருங்காட்சியகத்தின் சுவர்களில் இடம்பெற்றனர். ஓவியர் ராபர்ட் ரைமன் 1953 முதல் 1960 வரை அங்கே காவலராக இருந்தார். டான் ஃபிளேவின் காவலராகவும் மின்தூக்கி இயக்குபவராகவும் வேலை பார்த்தார். ராபர்ட் மங்கோல்டும் அங்கே காவலராக இருந்தவரே. பின்னர் கருத்துருக் கலையின் முதன்மையான வரலாற்றாசிரியராக அறியப்பட்ட லூசி லிப்பார்டு, அங்குள்ள நூலகத்தில் பணிபுரிந்தார். சால் லெவிட் 1960 முதல் 1965 வரை அங்கே ஊழியராக இருந்தார்.

காவலர் வேலையில் சம்பளம் குறைவு. ஆனால் பார்வையாளர் ஒருவர் சில நிமிடங்கள் பார்த்துவிட்டு நகரும் படைப்பின் முன் காவலர் நாள் முழுவதும் நிற்கிறார். காலை வெளிச்சத்தில் அது எப்படித் தெரிகிறது, மாலையில் எப்படி மாறுகிறது, மக்கள் எதன் முன் நிற்கிறார்கள், எதைக் கடந்து போகிறார்கள் என்பதையெல்லாம் அவர் அறிவார். உணவு இடைவேளையில் சக ஊழியர்களிடம் அதைப் பேசவும் முடியும். இவர்களுள் ஃபிளேவினும் மங்கோல்டும் பொதுவாகக் குறுமியக் கலைஞர்களாகக் கருதப்படுகின்றனர். ஆயினும் கருத்துருக் கலை வளர்ந்தது இதே நட்பு வட்டத்தில்தான்.

ஃபிளேவின் 1961இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காவலராக இருந்தபோது, மின்விளக்குகளைக் கொண்டு கலை செய்வது பற்றிய குறிப்புகளைச் சிறு தாள்களில் எழுதிச் சீருடைப் பையில் நிரப்பிக்கொண்டார். 1963இல் அவர் சுவரில் சாய்வாகப் பொருத்திய ஒற்றைக் குழல்விளக்கு, அதன் பின் அவர் வாழ்நாள் முழுவதும் செய்த பணியின் தொடக்கமாயிற்று. கடையில் கிடைக்கும் நிலையான நீளமுள்ள குழல்விளக்குகளையே அவர் பயன்படுத்தினார்.

சால் லெவிட்: வரைபடம் ஒருவர், கட்டுபவர் வேறொருவர்

சால் லெவிட் (1928–2007) பல்கலைக்கழகத்தில் கலை பயின்றவர். படிப்புக்குப் பின் 'செவன்டீன்' இதழில் அச்சுக்குப் போகும் பக்கங்களை வெட்டி ஒட்டித் தயாரிக்கும் பணியைச் செய்தார். 1955–56இல் கட்டடக்கலைஞர் ஐ. எம். பெய்யின் அலுவலகத்தில் வரைகலை வடிவமைப்பாளராக இருந்தார். அங்கே கண்ட வேலைப் பகிர்வு அவர் சிந்தனையில் நிலைத்துவிட்டது. கட்டடக்கலைஞர் மண்வெட்டி எடுத்து அடித்தளம் தோண்டுவதில்லை. ஒவ்வொரு செங்கல்லையும் தம் கையால் வைப்பதுமில்லை. வரைபடமும் குறிப்பும் அவருடையவை, கட்டுவோர் வேறு. இருந்தும் அவரே அக்கட்டடத்தின் படைப்பாளர் எனப்படுகிறார். ஓவியத்திலும் இதே முறை ஏன் கூடாது என்பதே லெவிட் எழுப்பிய கேள்வி.

1968இல் நியூயார்க்கின் பாலா கூப்பர் காட்சிக்கூடத்தில் அவர் முதல் 'சுவர் வரைதல்' இடம்பெற்றது. அதில் பென்சில் கோடுகள் சுவரின் மேலேயே வரையப்பட்டன. விரைவிலேயே வரையும் பொறுப்பு உதவியாளர்களிடம் சென்றது. இத்தகைய படைப்பை வாங்குபவருக்குக் கிடைப்பவை ஒரு சான்றிதழும் ஒரு வரைபடமுமே. கண்காட்சி முடிந்ததும் சுவருக்கு வெள்ளையடித்துவிடலாம். வேறோர் ஊரில் வேறு ஆட்களைக் கொண்டு மீண்டும் வரையலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், நார்த் ஆடம்ஸ் நகரிலுள்ள சமகாலக் கலை அருங்காட்சியகத்தில், அவருடைய 105 சுவர் வரைதல்கள் 2008இல் ஒரே கட்டடத்தில் காட்சிக்கு வந்தன. அவர் இறந்து ஓராண்டுக்குப் பின் திறக்கப்பட்ட அக்காட்சியை, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைப் பின்பற்றிப் பயிற்சி பெற்ற உதவியாளர்களும் மாணவர்களும் வரைந்து முடித்தனர்.

1966இல் தம் தொடர்வரிசைப் படைப்பு ஒன்றை விளக்கும்போது, இத்தகைய கலைஞர் அழகான, மர்மமான பொருளைச் செய்ய முயல்வதில்லை என்றும், தாம் வகுத்த விதியின் விளைவுகளைப் பட்டியலிடும் எழுத்தரைப் போல இயங்குகிறார் என்றும் லெவிட் எழுதினார். பல ஆண்டுகள் மேசைகளுக்குப் பின்னால் அமர்ந்து சம்பளம் வாங்கிய ஒருவர் 'எழுத்தர்' என்ற சொல்லைத் தேர்ந்தது தற்செயல் எனத் தோன்றவில்லை. அதுவரை கலைஞரை மேதை என்றும் ஞானி என்றும் உயர்த்திப் பேசிய மொழிக்கு எதிராக அச்சொல் நின்றது.

ஹோவர்டீனா பிண்டெல்: துளையிடும் கருவியும் இரவு நேரமும்

1943இல் பிறந்த ஹோவர்டீனா பிண்டெல், யேல் பல்கலைக்கழகத்தில் ஓவியத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண். 1967 முதல் 1979 வரை அவர் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றி, அச்சுப்படங்கள் பிரிவில் இணைக் காட்சிப் பொறுப்பாளர் நிலைவரை உயர்ந்தார்.

பகல் முழுவதும் அலுவலகம் என்பதால் ஓவியத்துக்குக் கிடைத்தது இரவுதான். அவர் அதுவரை உருவ ஓவியங்கள் வரைந்துவந்தார். அதற்குத் தேவையான பகல் வெளிச்சம் இப்போது கிடைக்கவில்லை. அவர் அருவ ஓவியத்துக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. எல்லா அலுவலகங்களிலும் இருக்கும் காகிதத் துளையிடும் கருவியை அவர் கையில் எடுத்தார். கெட்டித் தாள்களிலும் கோப்பு அட்டைகளிலும் வரிசையாகத் துளையிட்டு, அத்துளைகளின் வழியே வண்ணத்தைத் தெளித்து, புள்ளிகளால் நிறைந்த பெரிய ஓவியங்களை உருவாக்கினார். துளையிடும்போது உதிரும் சிறு காகித வட்டங்களையும் அவர் வீணாக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணை எழுதி, கட்டமிட்ட தாளில் வரிசையாக ஒட்டினார். பொருளற்ற எண்கள் அலுவலகப் பதிவேட்டின் ஒழுங்கோடு நிற்கும் அப்படைப்புகள் அருவ ஓவியத்துக்கும் கருத்துருக் கலைக்கும் நடுவில் அமைபவை.

வேலை அவருக்குக் கருவியைத் தந்தது, மனக்கசப்பையும் தந்தது. 1979இல் அருங்காட்சியகத்தை விட்டு விலகி, நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில் ஆசிரியரானார். 1980இல் எடுத்த ஒரு காணொளிப் படைப்பில், தாமும் தம் தாயும் பள்ளியிலும் வேலை தேடிய இடங்களிலும் சந்தித்த நிறவெறியைக் கேமராவைப் பார்த்து அமைதியான குரலில் சொன்னார். 1987இல், நியூயார்க் அருங்காட்சியகங்களும் காட்சிக்கூடங்களும் கறுப்பினக் கலைஞர்களுக்கும் பிற சிறுபான்மைக் கலைஞர்களுக்கும் எவ்வளவு இடம் தந்தன என்பதை எண்ணிக் கணக்கெடுத்து வெளியிட்டார். எண்ணிப் பட்டியலிடும் வேலை, இம்முறை அந்நிறுவனங்களையே கேள்வி கேட்டது.

ஜான் பால்டெசாரி: வகுப்பறையிலிருந்து வந்த கலை

ஜான் பால்டெசாரி (1931–2020) கலிஃபோர்னியாவின் நேஷனல் சிட்டியில் பிறந்தவர். சான் டியேகோ பகுதிப் பள்ளிகளிலும் பின்னர் கல்லூரிகளிலும் நீண்ட காலம் ஆசிரியராக இருந்தார். சட்டத்தை மீறிய சிறுவர்களுக்கான முகாம் ஒன்றிலும் பாடம் நடத்தியிருக்கிறார். 1970இல் கலிஃபோர்னியா கலை நிறுவனத்தில் சேர்ந்து, ஓவியக் கூடத்துக்கு வெளியே கலை செய்வதைக் கற்பிக்கும் வகுப்பைத் தொடங்கினார்.

1971இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா கலை, வடிவமைப்புக் கல்லூரி அவரைக் கண்காட்சிக்கு அழைத்தது. அவரை வரவழைக்கும் பயணச் செலவுக்குக் கல்லூரியிடம் போதிய பணம் இல்லை. தாம் வராமலேயே நடக்கக்கூடிய ஒரு திட்டத்தை அவர் அனுப்பிவைத்தார். சலிப்பூட்டும் கலையை இனிமேல் செய்யமாட்டேன் என்ற பொருள்படும் ஒரே வாக்கியத்தை மாணவர்கள் காட்சிக்கூடத்தின் சுவரெங்கும் திரும்பத் திரும்ப எழுத வேண்டும் என்பதே திட்டம். மாணவர்கள் அவ்வாறே எழுதி நிரப்பினர்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'இம்போசிஷன்' என்று சொல்லப்படும் தண்டனையே இது. தவறு செய்த மாணவர் அதே வரியை நூறு முறை எழுதுவது உலகெங்கும் உள்ள வழக்கம். இங்கே தவறு செய்தவர் யார் என்பதுதான் வேடிக்கை. தவற்றை ஒப்புக்கொள்பவர் கலைஞர். தண்டனையை எழுதுபவர்கள் மாணவர்கள். சலிப்பூட்டும் கலை செய்யமாட்டேன் என்ற உறுதிமொழி மிகச் சலிப்பான முறையில் எழுதப்படுகிறது. அறிவுறுத்தல் ஓரிடத்திலிருந்து வருவதும், உழைப்பு வேறிடத்தில் நடப்பதும் லெவிட்டின் முறையை ஒத்தவை. ஆனால் லெவிட்டின் முறை கட்டடக்கலை அலுவலகத்திலிருந்து வந்தது. பால்டெசாரியின் முறை வகுப்பறையிலிருந்து வந்தது.

அடுத்த ஆண்டில் அவர் எடுத்த காணொளியில், தொட்டியில் வளரும் ஒரு செடிக்கு ஆங்கில எழுத்துகள் கற்பிக்கப்படுகின்றன. எழுத்து அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, அந்தந்த எழுத்தின் பெயர் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. செடி அசையாமல் இருக்கிறது. கவனிக்காத வகுப்பின் முன் நின்று பாடம் நடத்திய எந்த ஆசிரியருக்கும் இதில் விளக்கம் தேவைப்படாது. கற்பித்தல் என்பது சொல்வதா, அல்லது எதிரில் இருப்பவர் பெற்றுக்கொள்வதா என்ற கேள்வி இந்த நகைச்சுவைக்குள் இருக்கிறது.

மியர்ல் லேடர்மன் யூகிலிஸ்: பராமரிப்பும் கலையே

1939இல் பிறந்த மியர்ல் லேடர்மன் யூகிலிஸுக்கு 1968இல் முதல் குழந்தை பிறந்தது. அதன் பின் நாளின் பெரும்பகுதி குழந்தையைக் குளிப்பாட்டுவதிலும் துணி துவைப்பதிலும் சமைப்பதிலும் கழிந்தது. கலைஞரும் தாயும் இரு வேறு ஆட்களாகப் பிரிந்து நிற்பதை அவர் ஏற்கவில்லை. 1969இல் 'பராமரிப்புக் கலைக்கான அறிக்கை' ஒன்றை எழுதினார்.

அவ்வறிக்கை உழைப்பை இரண்டாகப் பிரிக்கிறது. புதியதைப் படைப்பது ஒன்று; படைத்ததைத் தூசி தட்டி, பழுது பார்த்து, தொடர்ந்து காப்பது மற்றொன்று. முதலாவதற்குப் புகழும் பணமும் கிடைக்கின்றன. இரண்டாவதற்குக் குறைந்த கூலி கிடைக்கிறது, அல்லது வீட்டுப் பெண்களுக்கு நேர்வது போல எதுவுமே கிடைப்பதில்லை. ஆனால் இரண்டாவது நின்றுபோனால் முதலாவது நிலைக்காது. தாம் அன்றாடம் செய்யும் பராமரிப்பு வேலைகளை இனிக் கலை என்றே அறிவிப்பதாகவும், அருங்காட்சியகத்தில் பார்வையாளர் முன்னிலையில் செய்யத் தயார் என்றும் அவர் எழுதினார்.

1973இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் உள்ள வாட்ஸ்வர்த் அதீனியம் அருங்காட்சியகத்தில் அதைச் செய்தும் காட்டினார். வெளிப்படிக்கட்டுகளையும் உள்ளே இருந்த தரையையும் மணிக்கணக்காகக் கழுவினார். மற்றொரு நிகழ்வில், எகிப்திய மம்மி இருந்த கண்ணாடிப் பெட்டியைத் துடைத்து, அத்துடைப்பையே பராமரிப்புக் கலைப்படைப்பு என்று முத்திரையிட்டு அறிவித்தார். அதன் விளைவு விசித்திரமானது. அதுவரை அப்பெட்டியை அன்றாடம் துடைத்துவந்தவர் துப்புரவுப் பணியாளர். அது கலைப்படைப்பு ஆனபின், அதைத் தொட்டுத் துடைக்கும் தகுதி பாதுகாப்பு வல்லுநருக்கு மட்டுமே உரியதாயிற்று. துணியும் ஒன்றே, கண்ணாடியும் ஒன்றே, கையசைவும் ஒன்றே. பதவிப் பெயர் மாறியதும் வேலையின் மதிப்பு மாறியது.

1976இல் விட்னி அருங்காட்சியகத்தின் நகர்ப்புறக் கிளை இருந்த உயரமான அலுவலகக் கட்டடத்தில், பராமரிப்புப் பணியாளர் 300 பேருக்கு அவர் கடிதம் எழுதினார். நாளில் ஒரு மணி நேரத்தைத் தெரிந்தெடுத்து, அந்நேரம் செய்யும் வேலையைக் கலை என்று எண்ணிப் பார்க்குமாறு கேட்டார். பணியாளர்களை உடனடி ஒளிப்படம் எடுத்து, அப்போது செய்துகொண்டிருந்தது வேலையா கலையா என்று அவர்களையே கேட்டு, அவர்கள் சொன்னபடி எழுதிவைத்தார். ஒரே மாதிரியான வேலையைச் சிலர் வேலை என்றனர், சிலர் கலை என்றனர்.

1977 முதல் நியூயார்க் மாநகரத் துப்புரவுத் துறையில் சம்பளம் இல்லாத உறைவிடக் கலைஞரானார். நகராட்சி கடும் நிதி நெருக்கடியிலிருந்து மீண்டுவராத காலம் அது. 1979 ஜூலை முதல் 1980 ஜூன் வரை நகரின் 59 மாவட்டங்களுக்கும் சென்று, துறையின் 8,500 துப்புரவுப் பணியாளர்களுடன் தனித்தனியே கைகுலுக்கினார். நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்காக ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். அவர்களின் பணிநேரத்துக்கு ஏற்ப விடியற்காலையில் வண்டிகளுடன் சென்று, அவர்கள் சொன்ன அவமதிப்புகளைக் கேட்டுப் பதிவு செய்தார். குப்பை அள்ளுபவரைத் தொடத் தயங்கும் ஊரில், கையைப் பிடித்து நன்றி சொல்வதே படைப்பாக அமைந்தது. 1983இல் ஒரு குப்பை லாரியின் பக்கங்களில் கண்ணாடி பதித்து வீதியில் ஓடவிட்டார். குப்பை யாருடையது என்ற கேள்விக்கு விடை, லாரியைப் பார்ப்பவரின் முகமாகத் தெரிந்தது.

டேச்சிங் ஷே: மணிக்கு ஒரு முறை

1950இல் தைவானில் பிறந்த டேச்சிங் ஷே, 1974இல் கப்பல் பணியாளராக அமெரிக்கா சென்று, ஃபிலடெல்ஃபியா அருகே கப்பலை விட்டிறங்கி நியூயார்க் சேர்ந்தார். குடியுரிமை ஆவணம் இல்லாதவர் என்பதால் கிடைத்தவை உணவகத்தில் பாத்திரம் துலக்குவதும் துப்புரவு வேலையுமே. பொது மன்னிப்பின் கீழ் சட்டப்படியான நிலை கிடைக்க 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1980 ஏப்ரல் 11 முதல் ஓராண்டுக்கு, தம் கூடத்தில் வைத்த நேரப்பதிவுக் கடிகாரத்தில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு முறை வருகை அட்டையைப் பதிவு செய்தார். தொழிற்சாலைகளில் தொழிலாளர் வரும்போதும் போகும்போதும் பயன்படுத்தும் கருவி அது. சீருடை போன்ற சாம்பல் நிற உடை அணிந்தார். தொடக்கத்தில் தலையை மழித்துக்கொண்டார். ஒவ்வொரு பதிவின்போதும் 16 மில்லிமீட்டர் படச்சுருளில் ஒரு சட்டம் எடுத்தார். ஓராண்டு ஏறத்தாழ ஆறு நிமிடப் படமாகச் சுருங்கியது. அதில் தலைமுடி வளர்வதும் கடிகார முள் சுழல்வதும் தெரியும்.

ஓராண்டில் 8,760 பதிவுகள் இருக்க வேண்டும். அவர் தவறவிட்டவை 133. தூங்கிவிட்டதால் 94, தாமதமாகப் பதிந்ததால் 29, முன்கூட்டியே பதிந்ததால் 10 என்று அவற்றையும் பட்டியலிட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து தூங்கவோ, தொலைவான இடத்துக்குப் போகவோ அந்த ஆண்டில் இயலவில்லை. எந்தப் பொருளும் உற்பத்தியாகவில்லை. வேலையிலிருந்து பயனையும் கூலியையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது நேரத்துக்குக் கட்டுப்பட்ட உடல் என்பதை அப்படைப்பு காட்டியது.

ஃபிரெட் வில்சன்: சீருடைக்குள் மறையும் மனிதர்

1954இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்த ஃபிரெட் வில்சன், மாணவப் பருவத்தில் அருங்காட்சியகக் காவலராகவும், பின்னர் நகரின் பெரிய அருங்காட்சியகங்களின் கல்விப் பிரிவுகளிலும் வேலை பார்த்தவர். 1991இல் அவர் செய்த நிறுவலில், தலையில்லாத கறுப்பு நிறத் துணிக்கடைப் பொம்மைகள் நான்கு, நியூயார்க்கின் நான்கு அருங்காட்சியகங்களின் காவலர் சீருடையில் நிற்கின்றன. அங்கே காவலராக நிற்போர் பலர் கறுப்பினத்தவர். பார்வையாளர் கண்ணுக்குச் சீருடை தெரிகிறது, முகம் தெரிவதில்லை.

அதே ஆண்டில் விட்னி அருங்காட்சியகத்தின் வழிகாட்டிகளுக்குக் காட்சியைச் சுற்றிக்காட்ட ஒப்புக்கொண்ட அவர், முதலில் அவர்களைச் சந்தித்துப் பேசினார். பின்னர் வேறொரு தளத்தில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, காவலர் சீருடை அணிந்து அங்கே போய் நின்றார். சற்று முன் பேசியவரையே அவர்களால் அடையாளம் காண முடியவில்லை.

1992இல் மேரிலாந்து வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பைத் திரும்ப அடுக்கி அவர் நடத்திய கண்காட்சி மிகவும் பேசப்பட்டது. 'உலோக வேலை' என்ற தலைப்பிட்ட ஒரே பெட்டியில் வெள்ளிக் குடுவைகளும் கோப்பைகளும் அடிமைகளின் கால்விலங்குகளும் அருகருகே இருந்தன. அவை அனைத்தும் கழகத்தின் சேகரிப்பில் முன்பே இருந்த பொருள்கள். பெயர்ப்பலகை எழுதுவதும் பொருள்களை அடுக்குவதும் எவ்வளவு அதிகாரம் கொண்ட வேலைகள் என்பதை உள்ளே பணியாற்றிக் கற்ற ஒருவரால்தான் இதை இவ்வளவு குறைந்த மாற்றத்தில் செய்ய முடிந்தது.

பணி கலைக்குள் நுழையும் வழிகள்

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து நான்கு வழிகளைப் பிரித்துக் காணலாம்.

1. வடிவம்: வேலையிடத்தின் நடைமுறை கலையின் நடைமுறையாகிறது. லெவிட்டின் அறிவுறுத்தலும் பால்டெசாரியின் இம்போசிஷனும் இவ்வகை.

2. கருவி: கைக்கெட்டும் வேலைப்பொருள் கலைப்பொருளாகிறது. பிண்டெலின் துளையிடும் கருவி, ஷேயின் நேரப்பதிவுக் கடிகாரம் ஆகியவை இதற்குச் சான்று.

3. நேரம்: வேலை விட்டுவைக்கும் பொழுது படைப்பின் தன்மையைத் தீர்மானிக்கிறது. பிண்டெலின் இரவும் யூகிலிஸின் வீட்டுப் பகலும் அவ்வாறு அமைந்தன.

4. கேள்வி: வேலையில் பட்ட அனுபவம், யாருடைய உழைப்பு மதிக்கப்படுகிறது என்ற கேள்வியாகிறது. யூகிலிஸ், வில்சன் இருவரும் இதனை முன்வைத்தனர்.

வரம்புகளும் விமர்சனங்களும்

வேலை கலைக்கு உதவியது என்பதை, வேலை நல்லதாக இருந்தது என்று புரிந்துகொள்ளக் கூடாது. குறைந்த கூலியும் களைப்பும் பலருடைய கலையை முளையிலேயே நிறுத்தியிருக்கும். நிறுத்தப்பட்டவர்களின் பெயர்கள் கலை வரலாற்றில் இடம்பெறுவதில்லை. வென்றவர்களை மட்டும் வைத்து முடிவு செய்வது அறிவியல் முறையும் ஆகாது. வேலை எங்கே கிடைத்தது என்பதும் முக்கியம். அருங்காட்சியகக் காவலருக்குப் பிற கலைஞர்களின் நட்பு கிடைத்தது. ஆவணமின்றிச் சமையலறையில் நின்றவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

கலைஞர்களும் இதை உணர்ந்தே இருந்தனர். 1969இல் நியூயார்க்கில் தொடங்கிய கலைத் தொழிலாளர் கூட்டணி, கலைஞரைத் தொழிலாளராகவே கருதி அருங்காட்சியகங்களிடம் கோரிக்கைகளை வைத்தது. இலவச அனுமதியும் கறுப்பினக் கலைஞர்களுக்கு உரிய இடமும் அவற்றுள் அடங்கும். 1971இல் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஊழியர் சங்கத்தினர் வேலைநிறுத்தம் செய்தனர்.

எல்லாப் படைப்பையும் கலைஞரின் வேலையைக் கொண்டே விளக்குவதும் பொருந்தாது. லெவிட்டின் தொடர்வரிசை முறைக்கு, 19ஆம் நூற்றாண்டு ஒளிப்படக்காரர் மைபிரிட்ஜின் ஓடும் குதிரை போன்ற தொடர்ப் படங்களும் தூண்டுதலாக இருந்தன. வேலை ஒரு வேர் மட்டுமே.

இன்னொரு விமர்சனம் அறம் சார்ந்தது. காவலரின் சீருடையும் துப்புரவுப் பணியாளரின் கையும் கலையானபோது, பெயரும் புகழும் கலைஞருக்குச் செல்கின்றன. சீருடை அணிந்தவர் மறுநாளும் அதே இடத்தில் நிற்கிறார். யூகிலிஸ் 8,500 பேரையும் நேரில் சந்தித்ததும், பல பத்தாண்டுகள் அதே துறையோடு இணைந்திருந்ததும் இக்கேள்விக்கு அவர் அளித்த விடை எனலாம். சுவர் வரைதல் காட்சிகளில் வரைந்தவர்களின் பெயர்களைக் குறிப்பிடும் வழக்கமும் இதே நோக்கில் கருதத் தக்கது.

அண்மைக் கால ஆய்வு

அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிளான்டன் கலை அருங்காட்சியகம், ஆஸ்டின் நகரில் 2023இல் 'டே ஜாப்ஸ்' என்ற கண்காட்சியை நடத்தியது. கலைஞர்களின் பிழைப்பு வேலைகள் அவர்கள் படைப்பை எப்படி உருவாக்கின என்பதே அதன் பொருள். 2024இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கேன்டர் கலை மையத்திலும் அது இடம்பெற்றது. வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாக இருந்தது ஒரு முழுக் கண்காட்சியின் பொருளாக விரிந்தது, கலை வரலாறு எழுதப்படும் முறையில் நேர்ந்துள்ள மாற்றத்தைக் காட்டுகிறது.

கருத்துருக் கலையைப் படிக்கும் மாணவர், கலைஞர் எங்கே பயின்றார் என்று கேட்பதோடு, எங்கே வேலை பார்த்தார், அங்கே என்ன கருவிகள் இருந்தன, எத்தனை மணிக்கு வீடு திரும்பினார், அதே வேலையில் அவரோடு நின்றவர்கள் யார் என்றும் கேட்பது பயன் தரும். பல படைப்புகளின் பொருள் அக்கேள்விகளுக்குப் பின் தெளிவாகும்.